அம்முலுவை யாரு அழ வெச்சது?

அம்முலுவுக்கு அழுகை வைத்தது ரமாபாய்தான். அதில் வேறு யாரையும் குற்றம் சொல்ல வழியில்லை. கண்ணோரத்தில் முதலில் ஒரு சொட்டு திரளும், அப்புறம் கன்னத்தில் வழியும், உதடு கோணிக்கொள்ளும், கடைசியில் ஒரு விசும்பல். அந்த விசும்பல்கூட ரமாபாயின் சொந்தக் குரல். ராயபுரத்தில் ஐஸ் கம்பெனிக்கு மேல்மாடியில் இருந்த ஆபீஸில், ஃபேனை நிறுத்திவிட்டு, தலையோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு, மைக்கில் தேம்பித் தேம்பி அழுது பதிவு செய்தாள். கீழே ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவர்கள் மேலே ஏதோ ஒரு பொண்ணு அழுகிறதே என்று வேலையைப் போட்டுவிட்டு மாடியேறி வந்துவிட்டார்கள். “ஒன்னியும் இல்லண்ணே, கம்ப்யூட்டருக்கோசரம் அழுவுறேன்” என்றாள். அவர்கள் நம்பவேயில்லை. முதலாளி அருள்பிரகாசம் சாரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத்தான் இறங்கிப் போனார்கள்.

அது இரண்டாயிரத்து ஆறாம் வருஷம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிற விளையாட்டு சிடி போடுவதுதான் அருள்பிரகாசம் சாரின் தொழில். திரையில் இரட்டைச் சடை போட்ட ஒரு பொம்மைப் பெண் நிற்பாள். பிள்ளை சரியாகப் பதில் சொன்னால் குதிப்பாள், கை தட்டுவாள். தப்பாகச் சொன்னால் அழுவாள். பொம்மை நமக்காக அழுகிறதே என்று பிள்ளைக்கு ரோஷம் வரும், அடுத்த தடவை ஒழுங்காகப் போடும் என்பது சாரின் கட்சி. சிடி உறையின் மேல் ‘உங்களுக்காக அழும் ஒரே தோழி’ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்தும் விட்டார். உறையில் அவள் பெயர் அறிவழகி. எர்ணாவூர்ப் பிள்ளைகள் முதல் நாளே அந்தப் பெயரைத் தூக்கிக் கடாசிவிட்டு அம்முலு என்று வைத்துவிட்டார்கள்.

எர்ணாவூருக்கு அம்முலு போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் சுகிர்தம் டீச்சர். கடற்கரைக் குப்பங்களிலிருந்து மாற்றிக் குடியமர்த்தப்பட்டவர்களின் வரிசை வீடுகளுக்கு நடுவில் இருந்த சின்னப் பள்ளிக்கூடம் அது. டீச்சர் அங்கே ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவர். ஒரு டிரஸ்ட்காரர்களை நச்சரித்து, வாசலிலேயே பழியாய்க் கிடந்து, நாலு கம்ப்யூட்டர்களை வாங்கி வந்துவிட்டார். டிரஸ்டின் அதிகாரி கிருஷ்ணப்பன் அளந்து பேசுகிற மனிதர். “பிள்ளைகளுக்கு இதனால் கணக்கு வருகிறதா என்று பார்ப்போம். வந்தால் மெஷின் இங்கேயே இருக்கும். வரவில்லையென்றால் வேறு பள்ளிக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவோம். அப்புறம் வருத்தப்படக் கூடாது” என்று முதலிலேயே சொல்லிவிட்டார். டீச்சர் தலையை ஆட்டிவிட்டு, அன்றைக்கே மெஷின்களுக்குத் தன் பழைய புடவையில் உறை தைத்துப் போட்டார்.

மாசம் முடிந்து மார்க் வந்தது. சும்மா சொல்லக் கூடாது, அள்ளிக்கொண்டு வந்தது. பின்னக் கணக்கில் வகுப்பு மொத்தமும் நூற்றுக்கு நூறு! அருள்பிரகாசம் சார் ஆபீஸுக்கு லட்டு வாங்கி வந்தார். “பார்த்தியா ரமாபாய், அழுகைக்கு இருக்கிற சக்தியை?” என்றார். ரமாபாய்க்கும் பெருமைதான், இல்லாமல் என்ன? வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் பிறந்து வளர்ந்து, அனிமேஷன் டிப்ளமோ படித்து, தான் வரைந்த முகம் ஒரு வகுப்பையே கணக்குப் போட வைத்துவிட்டது என்றால் லேசா? கிருஷ்ணப்பன் நேரில் பார்க்க வரப்போகிறார் என்று தகவலும் வந்தது. அதற்கு முன்னால் நாமே ஒரு தரம் பார்த்துவிட்டு வருவோம் என்று ஆசையாகக் கிளம்பினாள்.

திருவொற்றியூர் ஹைரோட்டில் கண்டெய்னர் லாரிகள் வழக்கம்போல ஒன்றன் பின் ஒன்றாகப் படுத்துக்கிடந்தன. பஸ் விம்கோ நகரைத் தாண்டுவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தபோது கணக்கு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. கம்ப்யூட்டர் அறையில் மூன்று மெஷின்களுக்கு முன்னால் ஈ காக்கை இல்லை. மொத்த வகுப்பும் முதல் மெஷினை மொய்த்துக்கொண்டு நின்றது.

நடுவில் ஃபரா உட்கார்ந்திருந்தாள். வகுப்பில் முதல் மார்க் வாங்குகிற பெண். கேள்வி வரும், டக்கென்று தட்டுவாள், அம்முலு குதிப்பாள். அந்த மெஷின் முடிந்ததும் எழுந்து அடுத்த மெஷினுக்குப் போவாள். கூட்டமும் பின்னாலேயே போகும். எல்லார் பெயரிலும் ஃபராவே போட்டுக்கொண்டிருந்தாள்.

“ஏன் நீங்கல்லாம் போடல?” என்று ரமாபாய் பக்கத்தில் நின்றவளைக் கேட்டாள்.

“நாங்க போட்டா அம்முலு அழுவுதுக்கா” என்றாள் அந்தப் பெண், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி.

அப்போது கடைசி மெஷினில் ஏதோ ஒரு கை பட்டு, தப்பான பதில் விழுந்துவிட்டது. அம்முலு விசும்பினாள். அவ்வளவுதான். ஃபராவைச் சுற்றி நின்ற கூட்டம் சிட்டாய்ப் பறந்து அங்கே போய்விட்டது.

“இன்னா ஆச்சி?”

“அம்முலுவ யாரு அழ வெச்சது?”

“அழுவாத அம்முலு, அழுவாத. ஃபரா! சீக்கிரம் வா, இங்க அழுதுகினு கீது!”

ரமாபாய்க்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது. இந்த வரிசை வீடுகளில் ஒரு சுவருக்கும் அடுத்த சுவருக்கும் நடுவில் காற்றுகூடப் போகாது. ஒரு வூட்டில் அழுகைச் சத்தம் கேட்டால், அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டு அடுத்த பத்து வூடும் வாசலில் வந்து நிற்கும். யார் எவர் என்று பார்ப்பதில்லை. வியாசர்பாடியிலும் அதே கதைதான். அழுகிறவரைத் தனியாக விட்டுவிட்டு, உட்கார்ந்து பாடம் படிக்கிற பழக்கம் இங்கே ஒருவருக்கும் கிடையாது. இது தெரிந்த பெண்தானே நான், ஐஸ்காரர்கள் மாடியேறி வந்தபோதுகூடவா மண்டையில் உறைக்கவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

“நீ தொட்டியா? நீதான் தொட்ட! உன்ன யாரு தொட சொன்னது?” என்று ஒரு பெண்ணை எல்லாரும் பிடித்து ஏசினார்கள். அவள் பெயர் வேம்பு. ஒல்லியாக, காது வரைக்கும் எண்ணெய் வழிய, எல்லாருக்கும் பின்னால் நிற்கிற பிள்ளை. “நான் தொடல, கை பட்டுச்சி” என்று முணுமுணுத்தாள். கூட்டம் ஃபராவைக் கூட்டிவரப் போன நேரம் பார்த்து, வேம்பு பாவாடை நுனியால் திரைக் கண்ணாடியில் அம்முலுவின் கன்னத்தைத் துடைத்தாள். கண்ணீர் உள்ளே வழிந்துகொண்டே இருந்தது. மறுபடி துடைத்தாள்.

ரமாபாய் அவள் பக்கத்தில் குந்தினாள். “வேம்பு, ஒரு பன்னுல மூணுல ஒரு பங்கு பெருசா, நாலுல ஒரு பங்கு பெருசா?”

வேம்பு அவளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். “நான் சொன்னா அது அழுவுமாக்கா?”

“அழாது.”

“அப்பறம் அழுதா?”

வேம்பு பதிலைச் சொல்லாமலே எழுந்து எல்லாருக்கும் பின்னால் போய் நின்றுகொண்டாள். மாசம் பூராவும் அந்தப் பிள்ளை மவுஸைத் தொடவே இல்லை. ஆனால் அவள் பெயருக்கு நேரே நூற்றுக்கு நூறு.

“எனக்குத் தெரியும்மா” என்றார் சுகிர்தம் டீச்சர், வராந்தாவில். குரல் தாழ்ந்திருந்தது. “முதல் வாரமே தெரியும். தனித்தனியா உட்கார வச்சுப் பார்த்தேன். ஒண்ணு அழுதா எல்லாம் எழுந்து ஓடுது. அடிச்சா உட்கார வைக்க முடியும்? ஆனா இந்த மெஷின் வந்ததிலேர்ந்து ஒரு பிள்ளை லீவு போடல. வெளியே சொன்னா கிருஷ்ணப்பன் சார் வண்டி கொண்டாந்து ஏத்திக்கினு போயிடுவாரு. கொஞ்சம் வாயை மூடிக்கினு இரு தாயி, உனக்குப் புண்ணியமாப் போகும்.”

டீச்சர் தப்பான மனுஷி இல்லை. அதனால்தான் ரமாபாயால் அவரிடம் கோபப்பட முடியவில்லை. ஆனால் மெஷின் இருந்தும் வேம்புவுக்குக் கணக்கு வராது என்றால், அந்த மெஷின் யாருக்கு? பொய் மார்க் வாங்கித் தருகிற பொம்மையையா நான் வரைந்தேன்? திரும்பி வருகிற வழியெல்லாம் அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.

ஆபீஸில் அருள்பிரகாசம் சார் எகிறிக் குதித்தார். “நூற்றுக்கு நூறு வந்துக்கிட்டிருக்கு, அதைப் போய் நோண்டுவாங்களா? அழுகையை எடுத்துட்டா அப்புறம் என்ன இருக்கு இந்த சிடியில? உறையே அச்சாயிடுச்சு!”

“அழுகை மட்டும் போவட்டும் சார். உணர்ச்சி இருக்கட்டும். புள்ளைங்களுக்கு அது மேல உசுரு. ஆனா தப்பு பண்றது புள்ளையா இருக்க வேணாம். அம்முலு தப்பு பண்ணட்டும். அதுக்குக் கணக்கு தெரியல, புள்ள சொல்லித் தரட்டும். எங்க ஜனங்க அழுவுறவங்களப் பார்த்தா ஓடுவாங்க, சரி. ஓடி வர்றவங்க கையில வேலையக் கொடுப்போம்.”

“பொம்மைக்கே கணக்கு தெரியாதுன்னா எவன் வாங்குவான்?”

“வாங்குறது அப்பறம் சார். மொதல்ல ஒரு புள்ள கத்துக்கினு வரட்டும்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மனசுக்குள் கூட்டிக் கழித்துப் பார்ப்பது முகத்திலேயே தெரிந்தது. “கிருஷ்ணப்பன் வர்றதுக்குள்ள முடிச்சுடு. ஓடலைன்னா மெஷினும் போச்சு, டிரஸ்ட் ஆர்டரும் போச்சு. அந்தப் பழி உன் தலையில. சரியா?”

“என் தலையிலயே இருக்கட்டும்” என்றாள் ரமாபாய்.

உட்கார்ந்தாள். அம்முலுவின் அழுகை முகத்தை எடுத்து ஓரம் வைத்துவிட்டு, புதுசாக முகங்கள் வரைந்தாள். பிடிவாதம் பிடிக்கிற முகம். புரியாமல் புருவம் சுருங்குகிற முகம். ‘அட ஆமா!’ என்று விரிகிற முகம். புரியாத முகத்துக்கு வேம்பு உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றதை அப்படியே போட்டாள். குரல்தான் படுத்தி எடுத்தது. “நான்கு, மூன்றைவிடப் பெரியது அல்லவா?” என்று பாடப்புத்தகத் தமிழில் பேசிப் பார்த்தாள். நம் பிள்ளைகள் இதோடு சண்டை போடுமா? சண்டை போடாத இடத்தில் பாசம் எங்கிருந்து வரும்? எல்லாவற்றையும் அழித்துவிட்டு, தன் வூட்டில் பேசுகிற மாதிரியே பேசினாள். “இன்னாடி சொல்ற? நாலுதானே பெர்சு? அப்ப நாலுல ஒரு பங்குதான் பெர்சு. ஏன் இல்லன்ற? காட்டு பாப்போம்!” தன் காதுக்கே அது உயிரோடு கேட்டது.

சார் கேட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார். “பள்ளிக்கூடத்துல இந்த பாஷையா?”

“பள்ளிக்கூடத்துல படிக்கிறவங்க பாஷை சார் இது” என்றாள். அவர் காதிலிருந்து கையை எடுத்தார்.

புது அம்முலுவை எர்ணாவூருக்குக் கொண்டுபோன அன்றைக்கு ஒரே ரகளை. “அக்கா, அம்முலுவுக்கு இன்னா ஆச்சி? தப்புத் தப்பா உளறுது!” வழக்கம்போல எல்லாரும் ஓடினார்கள், வழக்கம்போல ஃபராவை இழுத்து வந்தார்கள். ஃபரா பதிலைத் தட்டினாள். அம்முலு இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “நீ சொன்னா ஆச்சா? ஏன்னு காட்டு” என்றாள். திரையில் வட்டமான பன் இருந்தது. அதைக் கோடு போட்டுப் பங்கு பிரித்துக் காட்டினால்தான் அம்முலு ஒத்துக்கொள்வாள். ஃபராவுக்குப் பதில் தெரியும், ஏன் என்பது தெரியாது. மனப்பாடம் பண்ணின பிள்ளை. மறுபடி மறுபடி தட்டிப் பார்த்துவிட்டு, “போடி பேஜாரு” என்று எழுந்துவிட்டாள்.

காலியான நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. “ஒருத்தியும் வரமாட்டீங்களா? எனக்கு யாரு சொல்லித் தருவா?” என்று அம்முலு தவித்தாள். அதைக் கேட்டுப் பொறுக்க முடியாமல் வேம்பு போய் உட்கார்ந்தாள். உட்காரும்போதே ரமாபாயைத் திரும்பிப் பார்த்தாள்.

“தப்பா போட்டா?”

“தப்பா போட்டா அதுவும் தப்பாக் கத்துக்கும். அப்பறம் உன்னையே வந்து கேக்கும். நீ திருத்து.”

“அழுவாதே?”

“அழாது வேம்பு. சத்தியமா.”

அன்றைக்கு வேம்பு போட்டதில் பாதிக்கு மேல் தப்பு. அவள் போட்டது மட்டுமா, எல்லாரும் போட்டதும் அப்படித்தான். ஆனால் முதல் தடவையாக நாலு மெஷினிலும் நாலு கூட்டம் இருந்தது. பன்னை எப்படி வெட்டுவது என்று அடிதடியே நடந்தது. சுகிர்தம் டீச்சர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். “மார்க் எங்கம்மா?” என்று மட்டும் கேட்டார். 

கிருஷ்ணப்பன் வந்தார். அருள்பிரகாசம் சாரும் வெள்ளைச் சட்டையில் கூடவே வந்தார். கிருஷ்ணப்பன் திரையில் மார்க்கைப் பார்த்தார், கையிலிருந்த பழைய தாளைப் பார்த்தார். “போன மாசம் நூறு. இப்போ நாற்பது, முப்பத்தைந்து. இது என்ன கூத்து?”

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். அருள்பிரகாசம் சார், “அது வந்து, புது வெர்ஷன்ல கொஞ்சம்...” என்று இழுத்தார்.

“போன மாசத்து நூறு பொய் சார்” என்றாள் ரமாபாய். “பொம்மை அழக் கூடாதேன்னு எல்லாருக்கும் ஒரே பொண்ணு போட்டுத் தந்துச்சு. அந்த அழுகைய வச்சது நான். தப்பு என்மேல, புள்ளைங்க மேல இல்ல. இந்த நாற்பதும் முப்பத்தைந்தும்தான் அவங்களோட சொந்த மார்க்.”

அருள்பிரகாசம் சார் பல்லைக் கடிக்கிற சத்தம் கேட்டது. கிருஷ்ணப்பன் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். “உண்மையைச் சொன்னதற்கு நன்றி அம்மா. அப்படியென்றால் மெஷினால் பெரிய பயன் இல்லை என்றாகிறது.”

“ஒரு புள்ளையக் கேட்டுப் பாருங்க சார். யாரை வேணா கேளுங்க.”

அவர் சுற்றிலும் பார்த்தார். பின்னால் ஒளிந்து நின்ற வேம்புவைக் காட்டினார். “இந்தப் பெண். மெஷினை அணையுங்கள். பொம்மையைத் தட்டிக்கொண்டிருந்தால் எதுவும் சரியாக வரும். வெறும் கரும்பலகையில் போடட்டும்.”

நாலு திரையும் இருண்டன. வேம்பு கரும்பலகைக்கு முன்னால் போய் நின்றாள். “மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று. எது பெரியது?” என்றார் கிருஷ்ணப்பன். வேம்பு வாயைத் திறக்கவில்லை. சாக்பீஸை விரலுக்குள் உருட்டிக்கொண்டே நின்றாள். இருண்ட திரையைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். அவர் காத்திருந்து பார்த்துவிட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

ரமாபாய் வழியை மறித்துக்கொண்டு நின்றாள். இனிமேல் இழக்க என்ன இருக்கிறது?

“சார், இது பரீட்சைக்குப் பதில் சொல்ற புள்ள இல்ல. சொல்லித் தர்ற புள்ள. அம்முலுவ நீங்கதான் அணைக்கச் சொன்னீங்க. அப்ப அதுக்குப் பதிலா நீங்க உக்காருங்க. தப்பாச் சொல்லுங்க. லேசுல ஒத்துக்காதீங்க.”

கிருஷ்ணப்பன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். என்ன தோன்றியதோ, பையை இறக்கி வைத்துவிட்டு, பிள்ளைகள் உட்காருகிற குட்டி பெஞ்சில் முட்டி முகத்தில் இடிக்க உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். “நான்கில் ஒன்றுதான் பெரியது. நான்கு மூன்றைவிடப் பெரியதுதானே?”

வேம்பு விருட்டென்று நிமிர்ந்தாள். “அய்ய, இல்ல சார்!”

“ஏன் இல்லை?”

“தோ பாரு சார்.” பலகையில் ஒரு வட்டம் போட்டாள். “இது பன்னு. நீ, நானு, ஃபரா. மூணு பேரு. இப்ப நாலாவது ஆளு ஒண்ணு வந்து குந்துது. உன் பங்கு கொறையுமா, ஏறுமா?”

“நாலு பேர் என்றால் நிறைய பேர். நிறையத்தானே கிடைக்கும்?”

“நெறிய பேரு வந்தா நெறிய கெடைக்குமா? நீ எந்த ஊரு சார்? தண்ணி லாரிகிட்ட வந்து நின்னு பாரு, தெரியும்!” பிள்ளைகள் ஓவென்று சிரித்தன. வேம்பு பக்கத்திலேயே இன்னொரு வட்டம் போட்டு நாலாய் வெட்டி, ஒரு துண்டை அழுத்திக் காட்டினாள். “இத்த பாரு, அத்த பாரு. எது பெர்சு?”

“சரி, மூன்றில் ஒன்றுதான்” என்று கிருஷ்ணப்பன் ஒத்துக்கொண்டார். உடனே கேட்டார், “அப்போ நான்கில் இரண்டும் இரண்டில் ஒன்றும்? எது பெரியது?”

ரமாபாய்க்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்முலுவுக்குள் அந்தக் கேள்வியை அவள் இன்னும் வைக்கவேயில்லை.

“நாலுல ரெண்டு” என்றாள் வேம்பு சட்டென்று. “ரெண்டு துண்டு கெடைக்குதே.”

தப்பு. ஃபரா வாயைப் பொத்திக்கொண்டாள். டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டார். கிருஷ்ணப்பன் நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை. அம்முலு கேட்கிற மாதிரியே கேட்டார். “அப்படியா? காட்டு பார்ப்போம்.”

வேம்பு ஒரு வட்டத்தை நாலாய் வெட்டி ரெண்டு துண்டைத் தீட்டி, அதற்கு மேலே ‘பெருசு’ என்று எழுதினாள். இன்னொன்றைப் பாதியாய் வெட்டி ஒன்றைத் தீட்டினாள். தள்ளி நின்று பார்த்தாள். உதட்டைக் கடித்தாள். ரெண்டும் ஒரே அளவாக அவளைப் பார்த்துக்கொண்டு நின்றன. யாரும் ஃபராவைக் கூப்பிடவில்லை.

“இரு சார், இரு. நான் உனக்குத் தப்பா சொல்லிக் குடுத்துட்டேன்” என்றாள் வேம்பு. எட்டி, பாவாடை நுனியால் ‘பெருசு’ என்று எழுதியிருந்ததை அழுத்தித் துடைத்தாள். “ரெண்டும் ஒண்ணுதான் சார். துண்டுதான் ரெண்டு, பன்னு அதே அளவுதான். இப்ப புரிஞ்சிதா?”

“புரிந்தது” என்றார் கிருஷ்ணப்பன். நிஜமாகவே ஏதோ புரிந்த மாதிரிதான் இருந்தது அவர் முகம். பெஞ்சிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. “தப்பாகச் சொன்னாயே அம்மா, அத்தனை பேருக்கும் முன்னால். அழுகை வரவில்லையா?”

வேம்பு அவரை விசித்திரமாகப் பார்த்தாள்.

“இன்னாத்துக்கு சார் அழுவணும்? தப்பானா தொட்ச்சிட்டு மறுக்கா போட வேண்டியதுதான்.”

ரமாபாய் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அந்தப் பிள்ளைகள் பார்த்தால் மொத்தமும் ஓடி வந்துவிடும்.

பின்னால் கிருஷ்ணப்பனின் குரல் கேட்டது. “சுகிர்தம் டீச்சர், மெஷினைப் போடச் சொல்லுங்கள். அது இங்கேயே இருக்கட்டும்.”